முதுமைக்கேற்ற ஊர் – 7: கருவி வந்தது, கற்றுத்தர யார் வருவார்?

சென்ற வாரம் நடைபாதைகளைப் பார்த்தோம். இந்த வாரம் பூங்காவுக்குள் நுழைவோம். தமிழ்நாட்டு நகரங்களில் திறந்தவெளி ஜிம் இப்போது புதுமையல்ல. டெண்டர் விடுகிறார்கள், கருவிகளை நடுகிறார்கள், ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு உள்ளாட்சியின் வேலை முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு மிதிகட்டை கழன்று தொங்கும். காலையில் அந்தப் பூங்காவுக்கு வருபவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் கணிசம். ஆனால், அந்தக் கருவிகள் அவர்களை நினைத்து வாங்கப்பட்டவை அல்ல. முதியோர் உடற்பயிற்சிக்கென்று ஓர் உள்ளாட்சி செலவு செய்வதானால், கருவிக்கு முன்னால் கற்றுத்தரும் ஆளுக்குச் செலவிட வேண்டும் என்பதே என் வாதம்.

வயதான உடலுக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்குவோம். முதுமையில் பெரிய பயம் கீழே விழுவதுதான். இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 108 பரிசோதனைகளை, 23,000-க்கும் மேற்பட்ட முதியோரை உள்ளடக்கியது. முறையான உடற்பயிற்சியால் விழும் நிகழ்வுகள் சுமார் 23 சதவீதம் குறைகின்றன என்பது அதன் முடிவு. பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியிலும், உட்கார்ந்து எழுவது, படியேறுவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிகளிலும்தான். வெறும் வாக்கிங் விழுவதைத் தடுக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. நம் பூங்காக்களிலோ நடைபாதை உண்டு, காலை முன்னும் பின்னும் வீசும் கருவி உண்டு. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடும்போது சமநிலைக்கு வேலையே இல்லை. பல கருவிகளில் பளுவைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம் சாட்சி. அங்குள்ள தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், பேராசிரியர் பாசிட் லெவிங்கர் தலைமையில், விட்டில்சீ, விண்டம் போன்ற நகராட்சி மன்றங்களோடு சேர்ந்து முதியோருக்கென்றே அமைந்த உடற்பயிற்சிப் பூங்காக்களை ஆராய்ந்தது. அந்தப் பூங்காவில் தூக்கவோ இழுக்கவோ பாரம் கிடையாது. பாம்புபோல் வளைந்த ஒரு குழாய். அதில் கோத்த வளையத்தைத் தோளசைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்த வேண்டும். குறுகலான ஒரு விட்டம், சில படிகள், ஒரு சரிவு, பக்கத்தில் பிடிகம்பி. எல்லாமே பஸ் ஏறுவதற்கும் பரணில் டப்பா எடுப்பதற்கும் தேவைப்படும் அசைவுகள். 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், பயிற்றுநர் முன்னிலையில் முதியோர் பழகினார்கள். பிறகு ஆறு மாதம் தாங்களாகவே தொடர்ந்தார்கள். உடலியக்கமும் மனநலமும் மேம்பட்டன. பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. அந்தக் குறையைச் சொல்லியாக வேண்டும். ஆனால், அதே பூங்கா மாதிரியை வைத்து முன்னரே 18 வாரங்கள் நடந்த பரிசோதனையில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. சமநிலையும் உடல்திறனும் முன்னேறியதை அதுவும் காட்டியது. எனக்கு முக்கியமாகப் படுவது வேலைப் பங்கீடு: நிலமும் பராமரிப்பும் மன்றத்துடையவை, பயிற்சி அறிவு ஆய்வு நிறுவனத்துடையது.

“ஆஸ்திரேலியாவிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் ஏது?” என்பது முதல் மறுப்பு. இறக்குமதிக் கருவி நமக்குத் தேவையே இல்லை. வெவ்வேறு உயரத்தில் மூன்று சிமென்ட் பெஞ்சு, கைப்பிடியோடு நான்கு படி, ஒரு சரிவு, தரையோடு ஒட்டிய ஒரு விட்டம். உள்ளூர்க் கொத்தனார் கட்டிவிடுவார். சேலையோ வேட்டியோ சிக்குகிற சுழலும் பாகம் எதுவும் இதில் கிடையாது. நம் பாட்டிகள் கருவிப் பக்கம் போகத் தயங்குவதற்கு உடையும் ஒரு காரணம் என்பதை டெண்டர் எழுதுபவர்கள் யோசிப்பதில்லை. “வெயில்” என்பார்கள், நிழல் மரமும், மாலையில் எரிகிற விளக்கும் அதற்கு விடை. கழிப்பறை இல்லாத பூங்காவுக்குச் சர்க்கரை நோயாளி வரமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சியின்போதே விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற அதிகாரிகளின் அச்சம் நியாயமானது. அந்த அச்சம்தான் பயிற்றுநர் தேவை என்பதற்கு வலுவான காரணம்.

ஆளுக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பிசியோதெரபி கல்லூரிகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. மாணவர்களின் களப்பயிற்சியைப் பூங்காவில் வைத்துக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போதும். 2021-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் அறுபது வயதுக்கு மேற்பட்டோர். 2031-ல் அது 18.2 சதவீதமாகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. பூங்கா அமைப்பதை நகர உள்ளாட்சியின் பொறுப்புகளில் ஒன்றாக அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை குறிப்பிடுகிறது. ஆகவே, கிராம சபையோ பகுதி சபையோ அடுத்து உங்கள் ஊரில் கூடும்போது, புதிய கருவி கேட்காதீர்கள். வாரத்தில் இரண்டு காலை ஒரு பிசியோதெரபிஸ்டும், கைப்பிடி வைத்த நான்கு படிகளும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.

(தொடரும்)