சர்க்கரையைக் கூட்டாமல் இனிக்கும் ஸ்ட்ராபெரி

சிவப்புக்குக் குறையில்லை, பளபளப்புக்கும் குறையில்லை. வாயில் போட்டால் புளிப்பும் தண்ணீரும்தான். கடை ஸ்ட்ராபெரியைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் குறை இது. மண்ணும் பருவமும் இதில் பங்கு வகிக்கின்றன என்றாலும், ரகத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே முதல் காரணம். விவசாயிக்கு எடை பார்த்துத்தான் பணம் வருகிறது. வியாபாரிக்கோ பழம் லாரியில் நசுங்காமல் போய்ச் சேர வேண்டும். ஆகவே விளைச்சல், கெட்டித்தன்மை, நோய் எதிர்ப்பு ஆகிய மூன்றையும் பார்த்தே பல பத்தாண்டுகளாகப் புது ரகங்கள் வந்தன. நெதர்லாந்தில் உருவான எல்சாண்டா ரகம் பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டுகளில் வெகுகாலம் கோலோச்சியது இப்படித்தான். சாப்பிடுகிறவருக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் முறையாக நுழைந்தது மிகவும் பிந்தித்தான்.

நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரிக்கு வயது முந்நூறு ஆண்டுகூட இல்லை. 1714இல் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் அமெதே ஃபிரான்சுவா ஃபிரெசியே, பெரிய பழம் தரும் செடிகளைச் சிலி நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். வழியில் சாகாமல் தப்பியவை ஐந்து. அவை பூத்தன, ஆனால் பெண் செடிகள் என்பதால் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து ஏற்கனவே வந்திருந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெரி அருகில் இருந்த இடங்களில் மகரந்தம் கிடைத்தது, காய் பிடித்தது. சிலியின் அளவும் வர்ஜீனியாவின் மணமும் சேர்ந்த பிள்ளைதான் இன்றைய தோட்ட ஸ்ட்ராபெரி. இது இந்த இரண்டின் கலப்பு என்பதை 1766இல் எழுதிவைத்தவர் அந்துவான் நிக்கொலா துய்ஷேன். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

இந்தக் கலப்பின் பெற்றோர் இருவரும் எட்டுத் தொகுதி குரோமோசோம் கொண்டவர்கள், பிள்ளையும் அப்படியே. மனிதருக்கு இரண்டு தொகுதிதான். ஸ்ட்ராபெரியின் ஒரு செல்லில் 56 குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒரே வேலைக்கான மரபணு எட்டு இடங்களில் இருக்கக்கூடும் என்பதால், எதை எதோடு சேர்த்தால் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். பூ விரியும் முன்பே மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுவார்கள். அதில் கிடைக்கும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணம் கொண்டது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்தால் ஒன்றிரண்டு தேறும். தேறியதை ஓடுகொடிகளைக் கொண்டு அப்படியே பெருக்கிக்கொள்ளலாம். ஒரு ரகம் சந்தைக்கு வரப் பத்தாண்டுவரை ஆகிறது. கலிஃபோர்னியாவில் பிறந்த கமரோசா என்ற ரகத்தின் மரபணுத் தொகுதி 2019இல் முழுமையாக வெளியான பிறகுதான், எட்டுத் தொகுதிகளில் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கையில் கிடைத்தது.

பழத்தை இனிப்பாக்க வேண்டுமென்றால் சர்க்கரையைக் கூட்டினால் போதாதா? அங்கேதான் சிக்கல். நூறு கிராம் ஸ்ட்ராபெரியில் சுமார் 91 கிராம் தண்ணீர், 5 கிராம்தான் சர்க்கரை. அந்தச் சர்க்கரையை இலைகள் தயாரித்து அனுப்ப வேண்டும். செடியில் பழம் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. வெயில் ஏறினால் பழம் அவசரமாகப் பழுத்துவிடுகிறது, சர்க்கரை சேர நேரமில்லை. விளைச்சலைக் குறைத்தால் இனிப்பு கூடும், ஆனால் விவசாயியின் வருமானம் போய்விடும். அவர் ஏற்காத ரகத்தை யார் நட்டு வளர்ப்பார்கள்?

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற வழி காட்டியது மணம். ஸ்ட்ராபெரி ரகங்களில் 350க்கும் மேற்பட்ட மணச்சேர்மங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் பழத்தின் எடையில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான், பத்து லட்சத்தில் சில பங்கு. அதனால் மணத்தைக் கூட்டச் செடிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 35 ரகங்களின் சர்க்கரை, அமிலம், மணம் மூன்றையும் அளந்து, அதே பழங்களைப் பொதுமக்களுக்குக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2014இல் வெளியான முடிவு இந்தத் துறையின் போக்கையே திருப்பியது. சில மணச்சேர்மங்கள் கூடுதலாக இருந்த பழம், சர்க்கரை அளவைக் கணக்கில் கழித்துவிட்ட பிறகும் அதிகம் இனித்தது. பாயசத்தில் ஏலக்காயைத் தட்டிப் போட்டால் இனிப்பு தூக்கலாகத் தெரிவதும் இதனால்தான். மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணத்தையும் மூளை சுவையோடு சேர்த்தே எண்ணுகிறது.

இந்தச் சேர்மங்களில் காமா-டெக்காலாக்டோன் பீச் பழ வாசனை தருவது. சில ரகங்களில் நிறைய இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை. இந்த வேறுபாடு பெரிதும் ஒற்றை மரபணுவைச் சார்ந்தது என்று ஃபுளோரிடாவிலும் ஸ்பெயினிலும் இரு குழுக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டுபிடித்தன. இப்போது சின்ன நாற்றின் இலைத்துணுக்கைச் சோதித்தாலே அந்த மரபணு இருக்கிறதா என்று தெரிந்துவிடும், பழுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மணத்துக்கு முதலிடம் கொடுத்தவர்கள் இதற்கு முன்பும் இருந்தார்கள். காட்டு ஸ்ட்ராபெரியின் வாசனையோடு பிரான்சில் 1991இல் வெளிவந்த மாரா டெ புவா இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆனால் அது மென்மையான பழம், தொலைதூரப் பயணம் தாங்காது. கெட்டியும் மணமும் ஒரே பழத்தில் அமைவதற்கு இந்த இலைச் சோதனைதான் உண்மையான நம்பிக்கை தருகிறது.

சத்து விஷயத்துக்கு வருவோம். நூறு கிராமில் சுமார் 59 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைவிடச் சற்று அதிகம். ஃபோலேட்டும் சிவப்பு நிறம் தரும் அந்தோசயனின்களும் உண்டு. இத்தாலியின் அன்கோனா நகரில் உள்ள மார்க்கே பாலிடெக்னிக் பல்கலைக்கழகம், காட்டு வர்ஜீனியா வகையைத் தோட்ட ரகங்களோடு கலந்து, சத்து மிகுந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து வருகிறது. காட்டு வகையின் பழம் சிறியது என்பதால், கலப்புச் செடியை மீண்டும் மீண்டும் தோட்ட ரகத்தோடு சேர்த்து அளவைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அங்கே 23 பேர் ஒரு மாதம் தினமும் அரைக் கிலோ ஸ்ட்ராபெரி சாப்பிட்டதில் கெட்ட கொழுப்பு சுமார் 14 விழுக்காடு குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு கூறியது. ஒப்பிட்டுப் பார்க்க, பழம் சாப்பிடாத இன்னொரு குழு அதில் இல்லை. தினமும் அரைக் கிலோ என்பதும் எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. இதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நேரம், ஜப்பானில் அதிக விலைக்கு விற்கும் வெள்ளை ஸ்ட்ராபெரியில் அந்தோசயனின் மிகக் குறைவு என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஃபிரகேரியா நில்கெரென்சிஸ் என்ற காட்டு ஸ்ட்ராபெரி, நீலகிரியின் பெயரையே தாங்கியது. இங்கும் இமயத்திலும் தென்மேற்குச் சீனாவிலும் வளர்கிறது. வெளிறிய சிறு பழம்தான், வாசனையோ பீச் போல இருக்கும். இதற்கு இரண்டு தொகுதி குரோமோசோம் மட்டுமே. எட்டோடு இரண்டைச் சேர்த்தால் ஐந்து தொகுதிச் செடி பிறக்கும், அது மலடு. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதில் யூனான் என்ற பெயருடைய வகையைத் தொயோனொகா என்ற தோட்ட ரகத்தோடு கலந்து, கிடைத்த செடியின் குரோமோசோம்களைக் கொல்ச்சிசின் மருந்தால் இரட்டிப்பாக்கிப் பத்துத் தொகுதிச் செடியாக்கினார்கள். அந்த வழியில் வந்த தோகுன் என்ற ரகம் 2011இல் பதிவானது. இளஞ்சிவப்புப் பழம், பீச்சும் தேங்காயும் கலந்த மணம்.

இந்திய ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் விளைகிறது. அங்கே நடப்படும் ஸ்வீட் சார்லி, விண்டர் டான் ஆகிய ரகங்கள் ஃபுளோரிடாவில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஃபுளோரிடாவின் குளிர்காலத்துக்கும் அந்த ஊர்ச் சந்தைக்கும் பொருந்தியதை நாம் வாங்கி நடுகிறோம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஸ்ட்ராபெரி பயிரிடுகிறார்கள், நம் மலைக்கென்று ஒரு ரகம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. நீலகிரியின் புல்வெளிகளும் சோலைகளும் பெருமளவுக்குத் தேயிலையாகவும் யூகலிப்டஸாகவும் மாறிவிட்டன. மிஞ்சிய சரிவுகளில் நில்கெரென்சிஸ் செடிகளைத் தேடிச் சேகரித்து, ஒவ்வொன்றின் மணத்தையும் வைட்டமினையும் அளந்து, நாற்றங்காலில் காப்பாற்றி வைக்கும் வேலையை ஒரு வேளாண் ஆய்வு நிலையம் இப்போதே தொடங்கலாம்.