கையொப்பம் நடுங்கியபோது

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் கையொப்பமிட்ட காசோலை ஒன்றை எங்கள் கிளையின் இளம் எழுத்தர் தயக்கத்துடன் என் மேசைக்கே கொண்டுவந்தார். "சார், மாதிரிக் கையொப்பத்துடன் ஒத்துப்போகவில்லை" என்றார். இருபது ஆண்டுகளாகப் பிறருடைய கையொப்பங்களைச் சரிபார்த்துவந்த எனக்கு, என் கையே நடுங்குவது அன்றுதான் தெரிந்தது. நன்றாக உண்டும் எடை குறைந்துவந்தது. குளிரூட்டப்பட்ட அறையிலும் வியர்த்தது. படுத்திருக்கும்போதும் நெஞ்சு படபடத்தது. இவற்றையெல்லாம் அதுவரை வேலைப்பளுவின் கணக்கில் எழுதியிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொன்னது. கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருந்தது. மருத்துவர் கார்பிமசோல் மாத்திரையையும், படபடப்பைத் தணிக்கப் புரோப்ரனலோல் மாத்திரையையும் எழுதித் தந்தார். ஆஸ்துமா உண்டா என்று கேட்டறிந்த பிறகே இரண்டாவதை எழுதினார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.

இரண்டு வாரங்களாகியும் பெரிய மாற்றம் தெரியாததால் சலிப்புற்றேன். கார்பிமசோல் புதிய ஹார்மோன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்துள்ள இருப்பு கரைய வேண்டும். ஆகவே முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். இடையில் பொறுமையிழந்து அளவைக் கூட்டுவதோ, மாத்திரையைக் கைவிடுவதோ தவறு.

ஆறாவது வாரம், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களில், காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அலுவலகம் புறப்பட்டேன். மருந்துச்சீட்டை எடுத்துப் பார்த்த என் மனைவி வாசலில் மறித்தார். "காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே ரத்த அணுக்களைப் பரிசோதிக்கவும்" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நான் படித்திருக்கவில்லை.

இம்மருந்து, அரிதாக, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைத் திடீரெனக் குறைத்துவிடும். ஆயிரம் பேரில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரையே இதற்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் இது நேர்கிறது. ஆனால் கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து. சென்ற வாரப் பரிசோதனை நன்றாக இருந்தது என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

எனக்கு அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. வந்தது சாதாரணக் காய்ச்சல். மருத்துவரின் அனுமதியுடன் மாத்திரையைத் தொடர்ந்தேன். வீண் அலைச்சல் தந்துவிட்டேனோ என்று கூறியபோது அவர் சிரித்தார். "பத்து முறை வந்து பத்து முறையும் சரியாக இருந்தாலும், பதினோராவது முறையும் வாருங்கள்" என்றார்.

இம்மருந்தை உட்கொள்வோர் நினைவிற்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் அடர்நிறமானாலும், கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவரை அணுக வேண்டும். கருவுற்ற தொடக்க மாதங்களில் கார்பிமசோல் சிசுவுக்குக் குறைபாடு விளைவிக்கக்கூடும். எனவே குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நலம். தேவைப்பட்டால் மாற்று மருந்து உண்டு. வீட்டில் வேறொருவர் தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் உட்கொண்டால், இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். பேச்சுவழக்கில் இரண்டுமே 'தைராய்டு மாத்திரை' என்றாலும், அவற்றின் வேலை நேர் எதிரானது.

உடல் தேறியதும் மருந்தை நிறுத்திவிடும் ஆசை எனக்கும் எழுந்தது. ஆனால் கிரேவ்ஸ் நோய் எனப்படும் வகைக்குப் பொதுவாகப் 12 முதல் 18 மாதங்கள் வரை சிகிச்சை தேவைப்படுகிறது. அதன் பின்னரும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பக்கூடும் என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் சொல்லும் நான், என் மருந்துச்சீட்டைப் படிக்கவில்லை. அச்சீட்டின் அந்த ஒரு வரியை, வீட்டில் உள்ள அனைவரும் பார்க்கும்படி எழுதி ஒட்டிவையுங்கள். நீங்கள் மறந்தாலும், வாசலில் மறிக்க ஒருவர் இருப்பார்.