உங்களுக்குத் தெரியுமா? சீக்கோ வீட்டின் இரண்டு மணிக்கூடுகள்

வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்தவர்கள் ஆசையோடு கட்டிவந்த சீக்கோ 5, ஹெந்தளை, வத்தளைப் பக்கத்து அலுமாரிகளில் இன்னும் கிடக்கிறது. பெயரில் உள்ள 5 எதற்கு? 1963இல் சந்தைக்கு வந்தபோது கம்பனி உறுதி சொன்ன வசதிகள் ஐந்து. தானாகச் சாவி ஏறும், கிழமையும் திகதியும் ஒரே யன்னலில் தெரியும், தண்ணீர் தாங்கும், திருகி 4 மணிப் பக்கம் ஒதுங்கி நிற்கும், கூடும் வாரும் உறுதியாக இருக்கும்.

பற்றறி இல்லை, சாவி கொடுப்பதும் இல்லை. பிறகு எப்படி ஓடுகிறது? பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். கை அசைய அசைய அரைவட்டத் தகடு ஒன்று ஆடும். அதன் அடியில் கவட்டை மாதிரி இரண்டு கால் உள்ள சின்ன நெம்பு இருக்கிறது. தகடு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கால் பற்சக்கரத்தை இழுக்கும், மற்றக் கால் தள்ளும். சக்கரம் ஒரே திசையில் திரும்பி வில்லை முறுக்கும். ‘மெஜிக் லீவர்’ என்ற இதை சீக்கோ 1959இல் கொண்டுவந்தது. உதிரிப்பாகம் குறைவு, பழுதும் குறைவு. சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு நல்ல மணிக்கூடு கிடைத்ததில் இந்தச் சின்னத் துண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே கம்பனி 1960இலேயே கிராண்ட் சீக்கோவையும் தொடங்கியிருந்தது. இன்று புதிய சீக்கோ 5 சில நூறு டொலர். கிராண்ட் சீக்கோ பல ஆயிரம் டொலர். காசு எங்கே போகிறது? சீக்கோ 5இன் 4ஆர்36 இயந்திரம் செக்கனுக்கு 6 தரம் துடிக்கும். கிராண்ட் சீக்கோவின் 9எஸ்85 இயந்திரம் 10 தரம். துடிப்பு கூடினால், கை குலுங்கும்போது நேரம் குழம்புவது குறையும். சீக்கோ 5 ஒரு நாளுக்கு 45 செக்கன் முந்தலாம், 35 செக்கன் பிந்தலாம் என்பது கம்பனிக் கணக்கு. மற்றது 5 முந்தலாம், 3 பிந்தலாம். அதற்காக ஒவ்வொரு 9எஸ்85 இயந்திரத்தையும் 17 நாள், 6 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதிக்கிறார்கள். முள்ளின் ஓரம் வரை கண்ணாடி போல மெருகிடும் கைவேலையும் விலையில் சேரும். அது வீண்காசு இல்லை.

ஆனால் ஒரு நாளுக்கு 86,400 செக்கன். 45 செக்கன் பிசகு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

‘24 கல்’, ‘37 கல்’ என்று சொல்லி விலை ஏற்றினால் மயங்காதீர்கள். அவை செயற்கை மாணிக்கம். 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் செய்முறையை வெளியிட்ட பிறகு மிக மலிவாகிவிட்டன. அச்சுத் தேயாமல் காப்பதுதான் அவற்றின் வேலை.

வளைகுடாவில் வாங்கிய பலவற்றில் கிழமை அரபியில் தெரியும். அது பழுது இல்லை. தட்டில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி அச்சாகியிருக்கும். பெரும்பாலானவற்றில் திருகியை ஒரு படி இழுத்துத் திருப்பினால் ஆங்கிலம் வந்துவிடும். இரவு 9 மணிக்கும் விடிய 4 மணிக்கும் இடையில் மட்டும் திருப்ப வேண்டாம். நாள் மாற்றும் பற்கள் அப்போது கொளுவியிருக்கும், முறிந்துவிடலாம்.

நன்றாக ஓடிய மணிக்கூடு திடீரென்று நிமிடக் கணக்கில் முந்துகிறதா? ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்ததால் காந்தம் ஏறியிருக்கலாம். திருத்துபவரிடம் அதை இறக்கும் கருவி இருக்கும். வேலை ஒரு நிமிடம்கூட எடுக்காது.

கட்டாமல் வைத்தாலும் உள்ளே எண்ணெய் தடித்துப்போகும். கடற்கரைப் பக்கம் நமக்கு உப்புக்காற்றும் வியர்வையும் வேறு. ஆகவே புதிதாக ஒன்று வாங்குமுன், அப்பாவின் சீக்கோ 5ஐ எடுத்துக்கொண்டு கைபழகிய திருத்துபவரிடம் போங்கள். கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீர் புகாமல் காக்கும் றப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.