காரத்தை அளந்து சமைப்போம்: எத்தியோப்பியாவின் காலை உணவு

நோயிலிருந்து மீண்டு வருவோருக்குப் பசி உடனே திரும்பிவிடுவதில்லை. நாள்தோறும் ஒரே சுவையில் உணவு வந்தால், இருக்கும் விருப்பமும் குறையும். மணமும் மென்மையும் முட்டையின் புரதமும் ஒருங்கே அமைந்த எத்தியோப்பியக் காலை உணவு ஒன்றை இம்மாதம் அறிந்துகொள்வோம்.

எத்தியோப்பியரின் அன்றாட உணவு இஞ்செரா. டெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, சில நாள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பர். மேற்பரப்பில் கண் கண்ணாகத் துளைகள் விழும். மீந்த இஞ்செராவைப் பிய்த்து, மசாலாக் குழம்பில் ஊறவைப்பதே ஃபிர்ஃபிர். முட்டையைக் கிளறிச் செய்வது எங்குலால் ஃபிர்ஃபிர். இரண்டையும் இணைத்துச் செய்யும் முறை இங்கே தரப்படுகிறது.

தேவையானவை (இருவருக்கு): முட்டை 4, இஞ்செரா 1, பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, மசாலா கலந்து உருக்கிய நெய் 1 மேசைக்கரண்டி, பெர்பெரே பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு சிறிதளவு.

மிளகாய் வற்றல், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஏலக்காய் முதலியன சேர்ந்ததே பெர்பெரே. எத்தியோப்பிய நெய் கிடைக்காவிடில் வீட்டு நெய்யே போதும்.

செய்முறை: நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயின்றி, சிறிது நீர் தெளித்து, மெல்லிய தீயில் வதக்குக. நெய்யும் பெர்பெரேயும் சேர்த்து, மசாலா கருகாமல் கிளறுக. தக்காளியும் அரைக் கோப்பை நீரும் இட்டுக் குழைய வேகவிடுக. அடித்த முட்டையை ஊற்றி, வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் முழுமையாகக் கெட்டிப்படும்வரை கிளறுக. இறுதியில் இஞ்செராத் துண்டுகளைச் சேர்த்து, அவை ஈரத்தை உறிஞ்சியதும் இறக்குக. பூஞ்சை படிந்த இஞ்செராவை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

கவனிக்க வேண்டியவை:

• வாய்ப்புண், நெஞ்செரிச்சல் உள்ளோருக்குப் பெர்பெரேயையும் தக்காளியையும் தவிர்த்துவிடலாம்.

• கடையில் வாங்கும் பெர்பெரேயில் உப்பு கலந்திருக்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். தக்காளியில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிகள் அதன் அளவை உணவியலாளரிடம் கேட்டறிக.

• டெஃப் தானியத்தில் குளூட்டன் இல்லை. எனினும் கோதுமையோ பார்லியோ கலந்த இஞ்செராவும் விற்கப்படுகிறது. குளூட்டன் ஒவ்வாதோர் விசாரித்து வாங்குக.

• நீரிழிவு உள்ளோர் இஞ்செராவையும் மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்க.

• விழுங்குவதில் சிரமம் உள்ளோர் மருத்துவரின் அறிவுரைக்குப் பின்னரே உண்ண வேண்டும்.

முட்டை உண்ணாதோருக்கும் வழியுண்டு. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் புதன், வெள்ளி நோன்பு நாள்களில் முட்டையும் நெய்யும் நீக்கி, எண்ணெயில் ஃபிர்ஃபிர் செய்கின்றனர்.

அந்நாட்டினர் ஒரே தட்டைச் சூழ்ந்தமர்ந்து உண்பர். அப்போது ஒரு கவளத்தை உருட்டி, அருகிலிருப்பவர் வாயில் அன்புடன் ஊட்டுவர். இதற்குக் குர்ஷா என்று பெயர். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குத் தனித்தட்டே பாதுகாப்பானது. ஊட்டுபவர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது.

குர்ஷா ஒருவழிப் பழக்கம் அன்று. பெற்றவர் திருப்பி ஊட்டுவதும் வழக்கம். நோயாளிக்கு ஊட்டிவிட்டுத் தம் பசியை மறந்துவிடும் துணையாளர்கள் இதை நினைவிற்கொள்க. மேலே சொன்ன அளவு இருவருக்கானது. இரண்டாவது பங்கு உங்களுடையது.