சொன்னால் வரையும் யந்திரம்: சொல்லாததையும் வரைந்துவிடும்!

ஏலூர் - பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் ஊர். 1947-ல் 'பாக்ட்' உரத் தொழிற்சாலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு காஸ்டிக் சோடா, அருமண் என்று ஆலைகள் பெருகின. உத்யோகமண்டல் என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

இங்கும் கொச்சி நகரிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்குத் தை பிறந்தால் ஒரு கவலை உண்டு. பொங்கல் விழாவுக்கு நோட்டீஸ் போட வேண்டும். அதற்கு நல்ல படம் ஒன்று வேண்டும். முன்பெல்லாம் போர்டு எழுதுகிற ஓவியரைத் தேடிப் போவார்கள். இல்லாவிட்டால் பழைய காலண்டரை அச்சகத்துக்கு எடுத்துப் போவார்கள். இப்போது சட்டைப் பையில் இருக்கும் செல்போனே படம் போட்டுத் தருகிறது. வரையத் தெரிய வேண்டியதில்லை. சொல்லத் தெரிந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவு என்றும் 'ஏ.ஐ.' என்றும் சொல்லப்படும் இந்த வித்தை வந்து அதிக காலம் ஆகவில்லை. 'டால்-ஈ' என்ற படம் போடும் யந்திரத்தை அமெரிக்காவின் 'ஓப்பன் ஏ.ஐ.' நிறுவனம் 2021 ஜனவரியில் அறிவித்தது. 2022-ல் 'மிட்ஜர்னி', 'ஸ்டேபிள் டிப்யூஷன்' ஆகியவை பொதுமக்கள் கைக்கு வந்தன. 2025 மார்ச்சில் 'சாட்ஜிபிடி'யில் புதிய படம் போடும் வசதி வந்ததும், ஜப்பானிய கார்ட்டூன் பாணியில் தங்கள் முகத்தைப் பார்க்க உலகமே முண்டியடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளின் 'ஜெமினி' மூலம் சேலை கட்டிய படம் போட்டுக்கொள்வது நம் நாட்டில் மோகமாயிற்று.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். உபயோகமாக ஒரு படம் போடுவது எப்படி?

யந்திரம் வரைவது எப்படி?

டெலிவிஷனில் ஒளிபரப்பு நின்றதும் திரை முழுவதும் புள்ளிகள் கொப்பளிக்குமே, நினைவிருக்கிறதா? படம் போடும் யந்திரங்கள் பல, அப்படிப்பட்ட புள்ளிக் குழப்பத்திலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைக் களைந்து, கேட்ட உருவத்தைக் கொண்டுவருகின்றன.

எந்த உருவம் எப்படி இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? படமும் அதற்கான விளக்கமும் சேர்ந்த ஜோடிகளைக் கோடிக்கணக்கில் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். 2022-ல் வெளியான 'லயான்' என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி ஜோடிகள் இருந்தன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. யந்திரம் எதையும் நேரில் பார்த்ததில்லை. அதிகமாகக் காட்டப்பட்டது எதுவோ, அதையே ஊகித்து வரைகிறது.

கோட்டைக் கொச்சியில் தமிழ் வண்ணார் சமூகத்தார் நடத்தும் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தின் உடைகளைத் துவைக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பார்கள். 'தோபிகானா' என்று மட்டும் கேட்டால், அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட பம்பாய் தோபி காட் போன்ற ஒன்று வந்து நிற்கலாம். அது போலவே 'கேரளத்தில் பொங்கல்' என்று மொட்டையாகக் கேட்டால் படகு வீடும் கதகளி வேஷமும் வந்து சேரலாம். ஏலூர்க்காரருக்கு அது அந்நியப் படம்.

சொல்லாத இடத்தையெல்லாம் யந்திரம் தானே இட்டு நிரப்பும். ஆகவே சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். இதுவே முதல் பாடம்.

சொல்லும் முறை

சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டும் செல்போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாக இத்தனை படம்தான் என்ற அளவு உண்டு. இரண்டிடமும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் உள்ள 'மெட்டா ஏ.ஐ.'யும் படம் போடும்.

கேட்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்வது நல்லது. படத்தில் யார்? எங்கே? என்ன செய்கிறார்கள்? எந்த வேளை? எந்தப் பாணி? படம் நெட்டையா, அகலமா?

உதாரணமாக, பொங்கல் நோட்டீசுக்கு இப்படிக் கேட்கலாம்:

"விடியற்காலை. ஓட்டு வீட்டின் முற்றம். மூன்று செங்கல் வைத்த அடுப்பு. மண் பானையில் பால் பொங்கி வழிகிறது. பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து. இரண்டு பக்கமும் கரும்பு. நீலச் சட்டை போட்ட ஆலைத் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு குழந்தைகள் சுற்றி நிற்கிறார்கள். தூரத்தில் ஆறு, அதற்கு அப்பால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். பழைய காலண்டர் ஓவியம் போல இருக்க வேண்டும். நெட்டையான படம். மேல் பகுதி காலியாக இருக்கட்டும். எழுத்து எதுவும் வேண்டாம்."

முதல் தடவையே திருப்தியாக வராது. மனம் சலிக்கக் கூடாது. கரும்பு மூங்கிலாகியிருக்கும், குழந்தையின் கையில் ஆறு விரல் இருக்கும். "கரும்பை மட்டும் மாற்று, மற்றது அப்படியே இருக்கட்டும்" என்று ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். பத்துத் திருத்தங்களை ஒன்றாகச் சொன்னால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

'எழுத்து வேண்டாம்' என்பதற்கும் காரணம் உண்டு. தமிழ் எழுத்தில் இந்த யந்திரங்கள் தடுமாறும். கொம்பு போகும், கால் இடம் மாறும். புதிய யந்திரங்கள் முன்பைவிடத் தேவலை என்றாலும் நம்பி அச்சுக்குக் கொடுக்க முடியாது. விழா நோட்டீசில் ஒரு பெரியவரின் பெயர் பிழையாக வந்தால் அந்த மனஸ்தாபம் அடுத்த பொங்கல் வரை நீடிக்கும்! படத்தை யந்திரம் போடட்டும். பெயரையும் தேதியையும் மனிதர் தட்டச்சு செய்யட்டும்.

அம்மாவின் முகம்

நோட்டீசில் கரும்பு மூங்கிலானால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு காரியத்துக்கும் பலர் இந்த யந்திரத்தை நாடுகிறார்கள். அங்கே நஷ்டம் பெரிது.

பிழைக்க வந்த குடும்பங்கள் பலவற்றில், ஊரில் காலமான தாயின் படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அல்லது ஒரு கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்றது. வெளுத்து, மடிந்து, பூச்சி அரித்திருக்கும். அதைச் செல்போனில் ஏற்றி, "தெளிவாக்கிக் கொடு" என்று கேட்கிறார்கள். நொடியில் பளபளவென்று வண்ணப் படம் வருகிறது. கண் கலங்குகிறது.

அது அம்மாதானா?

பழைய படத்தில் அழிந்துபோன கண்ணிமையும் உதட்டு ஓரமும் யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்த பழக்கத்தில் ஒன்றை ஊகித்து ஒட்டிவிடுகிறது. தழும்பு மறைகிறது, சுருக்கம் போகிறது, கறுத்த நிறம் வெளுக்கிறது. அம்மாவைப் போன்ற வேறொருத்தி சட்டத்துக்குள் வந்துவிடுகிறாள்.

அந்தக் காலப் போட்டோ ஸ்டூடியோவில் 'டச்சிங்' செய்பவரும் இல்லாததைச் சேர்த்தவர்தான். ஆனால் அவர் கேட்டுச் சேர்த்தார். "மூக்குத்தி எந்தப் பக்கம்? மச்சம் உண்டா? நிறம் என்ன?" என்று விசாரித்த பிறகே தூரிகையைத் தொட்டார். யந்திரம் பெரும்பாலும் கேட்பதில்லை.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898-1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக் கை தேறியவர். அவரும் அவர் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு வீடாகச் சென்றன. லட்சுமியை யாரும் கண்டதில்லை. ஆகவே ஓவியரின் கற்பனைக்குத் தடை இல்லை. பெற்ற தாய் விஷயம் அப்படி அல்ல. அவளைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

இதற்காகப் பழைய படத்தைச் செப்பனிடவே கூடாது என்பதில்லை. முறை ஒன்று உண்டு. முதலில் மூலப் படத்தை நல்ல வெளிச்சத்தில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு, "கீறலையும் கறையையும் மட்டும் நீக்கு, முகத்தைத் தொடாதே, நிறம் சேர்க்காதே" என்று சொல்லலாம். சொன்ன பிறகும் முகத்தை மாற்றக்கூடும். ஆகவே இரண்டு படங்களையும் ஊரில் உள்ள அத்தையிடமோ மூத்த அண்ணனிடமோ காட்டிக் கேட்க வேண்டும். "இது நம்ம அம்மா இல்லையேப்பா" என்று அவர்கள் சொன்னால் அதுவே தீர்ப்பு. கிழிந்த மூலப் படத்தை ஒருபோதும் குப்பையில் போடக் கூடாது. நாளை பேரப் பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் சாட்சி.

ஊகித்த முகத்தால் மோசடி

முகத்தை இட்டுக்கட்டும் வித்தை கெட்டவர் கையிலும் இருக்கிறது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் தெரிந்தது கூட வேலை பார்த்த பழைய நண்பரின் முகம். அவசர மருத்துவச் செலவு என்று கேட்க, 40 ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். மேலும் 35 ஆயிரம் கேட்டதும் சந்தேகம் தட்டியது. நண்பரின் பழைய எண்ணுக்குப் போன் செய்தார். நண்பர் அழைக்கவே இல்லை!

ஊரிலிருந்து முகம் காட்டி யார் பணம் கேட்டாலும், தெரிந்த எண்ணுக்குத் திரும்பப் போன் செய்து பேசிய பிறகே அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பிறர் முகத்தை, முக்கியமாகப் பெண்கள், குழந்தைகள் முகத்தை, அவர்களுக்குத் தெரியாமல் யந்திரத்தில் ஏற்றக் கூடாது. தொழிற்சாலை அடையாள அட்டை, ஆதார் அட்டை தெரியும் படங்களையும் ஏற்றக் கூடாது. விழாப் படத்தின் அடியில் 'ஏ.ஐ. படம்' என்று சிறிதாகப் போட்டுவிடுவது கண்ணியம்.

மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர் கை கால் கழுவி உட்கார்ந்து, துண்டுக் காகிதமும் செல்போனுமாக ஒரு மணி நேரம் முயன்றால் பழகிவிடும். யந்திரத்துக்கு ஏலூரைத் தெரியாது. அங்கே விடிவது எப்படி, ஆறு இருக்கும் திசை எது, பானையில் மஞ்சள் கட்டுவது எப்படி என்று தெரிந்தவர் தொழிலாளிதான். அவர் சொல்லட்டும், அது வரையட்டும். அம்மாவின் முகத்தை மட்டும், அவளைக் கண்டவர்கள் சரி பார்க்கட்டும்.