எகி

எகி என்பது கணவாய் பிடிப்பதற்காக யப்பானில் உருவான, இறால் வடிவம் கொண்ட செயற்கை இரை ஆகும். இரை, மரம் என்னும் பொருள் தரும் இரு யப்பானியச் சொற்கள் இணைந்து இப்பெயர் உண்டானது. இன்றைய எகிகள் பெரும்பாலும் நெகிழியால் செய்யப்படுகின்றன; பெயரில் மட்டும் மரம் எஞ்சியுள்ளது. கரையிலிருந்தோ கரையோரப் படகிலிருந்தோ எகி வீசிக் கணவாய் பிடிப்பது எகிங் எனப்படுகின்றது.

எகியால் பிடிக்கப்படுவனவற்றுள் முதன்மையானது, யப்பானில் அவோரி இக்கா எனப்படும் பெருந்துடுப்புக் கணவாய் ஆகும். இது இந்து-பசிபிக் கரையோரக் கடல்களில் பரவலாகக் காணப்படும் இனமாகும். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் இது உண்டு.

வரலாறு

எகியின் பிறப்பிடமாக அமாமி ஓசிமா தீவும், அதனையடுத்த பழைய சட்சுமா நாடும் (இன்றைய ககோசிமா) கருதப்படுகின்றன. இரவில் மீன்பிடித்த ஒருவரின் தீப்பந்தத்திலிருந்து கரிந்த கட்டை ஒன்று கடலில் விழுந்தது என்றும், அதனைக் கணவாய் பற்றிக்கொண்டதைக் கண்டு முதல் எகி செய்யப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இது கதையே எனினும், பழைய எகிகள் பலவற்றின் மேற்பரப்பு தீயில் வாட்டப்பட்டுக் கரிய கோலங்கள் உண்டாக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. எடோ காலத்தில் மீனவர்கள் இவற்றைத் தாமே செதுக்கிக் கொண்டனர். 1990களின் பிற்பகுதிக்குப் பின்னர், மெல்லிய பின்னல் நூலும் இலேசான தனித் தூண்டிற்கோல்களும் பரவியதோடு எகிங் ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது.

அமைப்பு

எகியின் மூக்கில் நூல் கட்டும் வளையமும், தலையின் கீழ் ஈயமும், பக்கங்களில் சிறு இறகுகளும், வாலில் மேல்நோக்கி வளைந்த ஊசிகளின் இரு வட்டங்களும் உள்ளன. உடலின் மேல் மினுங்கும் தாள் ஒட்டி, அதன்மேல் துணி சுற்றப்பட்டிருக்கும். கணவாயின் கைகள் வழுக்காமல் பற்றுவதற்குத் துணி உதவுகின்றது. ஊசிகளுக்கு எதிர்முள் கிடையாது. ஆகவே கணவாய் சிக்கிய பின் நூலைத் தளரவிட்டால் அது எளிதில் நழுவிவிடும்.

அளவு, சூன் என்னும் பழைய யப்பானிய நீட்டலளவையில் கூறப்படுகின்றது. ஒரு சூன் ஏறத்தாழ 3 செ.மீ. ஆதலால், மிகுதியாகப் பயன்படும் 3.5 எண் எகி சுமார் 10.5 செ.மீ. நீளமானது.

எகியை எறிந்து அடிவரை தாழவிட்டு, கோலைச் சுண்டி மேலெழச் செய்து, மீண்டும் தாழவிடுவர். சுண்டுதல் கணவாயின் கவனத்தை ஈர்க்கின்றது. ஆனால் அது பாய்ந்து பற்றுவது பெரும்பாலும் எகி தாழும்போதே. இதனால் தாழும் வேகமும் சாய்வும் நிறத்தைவிட முக்கியமானவை எனலாம். பொதுவான 3.5 எண் எகி ஒரு மீட்டர் தாழ ஏறக்குறைய 3 நொடி எடுக்கும்; ஆழமற்ற இடத்துக்கானவை அதன் இரு மடங்கு நேரமும் எடுக்கக்கூடும்.

புதிய எகிகளைச் சோதித்தல்

ஆண்டுதோறும் புதிய எகிகள் விற்பனைக்கு வருகின்றன. இருளில் ஒளிரும் உடல், ஒளியை வெப்பமாக மாற்றும் துணி, உள்ளே கிலுங்கும் குண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்புக் கூறப்படுகின்றது. இவற்றுள் எது உண்மையில் கணவாயைக் கவர்கின்றது என்பதைக் கரையில் நின்று அறிவது கடினம்.

முதலாவது, தாழும் வேகத்தை வீட்டுத் தொட்டியில் அளந்தால் பிழை நேரும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. எகி நீரைவிடச் சற்றே கனமானது என்பதால் இச்சிறு வேறுபாடும் வேகத்தை மாற்றிவிடும். கட்டிய நூலின் தடிப்பும் அதனைத் தாமதப்படுத்தும். எனவே பயன்படுத்தும் நூலுடன், நீரோட்டம் குறைந்த துறைமுக ஓரத்தில், ஆழம் தெரிந்த இடத்தில் அளப்பதே முறை.

இரண்டாவது, பிடிபட்ட எண்ணிக்கை ஏமாற்றக்கூடியது. கணவாய்கள் கூட்டமாக வருவதால் ஒன்று கிடைத்த இடத்தில் அடுத்ததும் கிடைக்கலாம். மாலையில் புதிய எகியை மாட்டியவர், மங்கிய வெளிச்சம் தந்த பயனை எகியின் பயனாக எண்ணக்கூடும். இருவர் அருகருகே நின்று, ஒருவர் பழையதும் மற்றவர் புதியதுமாக வீசி, குறித்த நேரத்துக்கொரு முறை எகிகளை மாற்றிக்கொள்வது ஓரளவு நேர்மையான ஒப்பீடு ஆகும். அவ்வாறு செய்தாலும் ஒரு நாளின் முடிவு போதாது. இடத்தைத் தெரிவு செய்ய, அலைதாங்கிக் கற்காரையில் படிந்துள்ள புதிய மைக்கறைகளைப் பார்ப்பது மீனவர் வழக்கம்.

நிறம் பற்றிய கேள்வி

கடைகளில் மிகுதியாக வேறுபடுவது நிறமே. ஆயினும் பெரும்பாலான கணவாய்களின் விழித்திரையில் ஒரே வகை ஒளிநிறமிதான் உள்ளது. ஆகவே அவை நம்மைப் போல் நிறங்களைப் பிரித்தறிவதில்லை என்பதே பொதுவான முடிவு. தூண்டிற்காரர் விரும்பும் சிவப்பு எகி கணவாய்க்குக் கரிய நிழலாகவே தோன்றக்கூடும். மேலும் சிவப்பு ஒளி கடலின் மேற்பகுதியிலேயே பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் சிவப்பு பயனற்றது என்று ஆகிவிடாது. வெளிர்ந்த பின்னணியில் கருமையான உருவம் தெளிவாகத் தெரியும். கண்மணியின் தனி வடிவத்தால் ஒளி சிதறுவதைக் கொண்டு நிறம் அறியப்படலாம் என்னும் கருதுகோள் 2016 இல் முன்வைக்கப்பட்டது. கணவாய்கள் முனைவுற்ற ஒளியை உணர வல்லவை. இத்திறன் நம் கண்ணுக்குப் பெரிதும் இல்லை.

ஒலியைப் பொறுத்தவரை, அட்லாண்டிக்கின் நீள்துடுப்புக் கணவாயில் 2010 இல் வெளியான ஆய்வு, அது சுமார் 500 ஏர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட தாழ் ஒலிகளை உணர்வதைக் காட்டியது. கூர்மையாகக் கிலுங்கும் குண்டின் ஒலியில் எவ்வளவு இதற்குள் அடங்கும் என்பதே பார்க்க வேண்டியது.

வளப் பாதுகாப்பு

பெருந்துடுப்புக் கணவாயின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டே. வசந்தத்தில் முட்டையிட வரும் பெரிய கணவாய்களும், இலையுதிர் காலத்தில் அனுபவமற்ற குஞ்சுகளும் எகியில் சிக்குகின்றன. புதிய எகிகள் எளிதாக வெற்றி பெறுவது பின்னைய பருவத்திலேயே. அக்காலத்தில் சிறியவற்றை விட்டுவிடுவோர் உண்டு. கடற்பாசிப் படுகைகள் அழிந்த இடங்களில், முட்டையிட வசதியாக மரக்கிளைகளைக் கடலடியில் இறக்கிவைக்கும் வழக்கமும் யப்பானில் உள்ளது. பாறையில் சிக்கி அறுந்த எகிகள் ஈயத்துடனும் ஊசிகளுடனும் அதே படுகைகளிலேயே கிடக்கின்றன.