பூட்டு சர்வரில், சாவி நம்மிடம்

சாமராஜநகரில் ஒரு கல்லூரியோ கூட்டுறவுச் சங்கமோ லினக்ஸ் சர்வர் வைத்திருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவர் மைசூரிலோ பெங்களூரிலோ இருக்கலாம். அவர் இணையம் வழியே உள்ளே நுழையும் வாசல்தான் எஸ்எஸ்ஹெச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டதைக் கண்ட டாட்டு யூலோனன், 1995இல் இதை உருவாக்கினார். வழியில் போகும் செய்தியை இப்போது யாரும் படிக்க முடியாது. ஆனால் வாசலில் பாஸ்வேர்டு கேட்கும் பழக்கம் மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்கிறேன்.

“எங்கள் சின்ன சர்வரை யார் குறிவைக்கப் போகிறார்கள்?” என்று கேட்கலாம். குறிவைக்க ஆளே தேவையில்லை. தானியங்கி நிரல்கள் இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. பொது இணையத்தைப் பார்த்திருக்கும் சர்வரின் பதிவேட்டைத் திறந்தால், ‘ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட்’ என்ற வரி திரும்பத் திரும்ப வரும். ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயர் எல்லா லினக்ஸிலும் உண்டு. பாதி விடையை நாமே கொடுத்துவிட்டோம். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், டெல்நெட் என்ற பழைய வாசலில் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்றே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. எஸ்எஸ்ஹெச் வழக்கமாகக் காத்திருக்கும் 22ஆம் போர்ட்டை மாற்றினால் போதாதா என்றால், தட்டும் சத்தம் குறையும், பூட்டு பலப்படாது.

மாற்று வழி, சாவி ஜோடி. பொதுச்சாவி சர்வரில் இருக்கும். அந்தரங்கச் சாவி நம் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. முதலில் சாவியால் நுழைந்து பாருங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் ‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்’, ‘பெர்மிட் ரூட் லாகின்’ இரண்டுக்கும் எதிரே ‘நோ’ என்று எழுதுங்கள். சேவையை மறுபடி தொடங்கும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். புதிய ஜன்னலில் நுழைய முடிந்த பிறகே மூடுங்கள். லேப்டாப் தொலைந்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் அந்தரங்கச் சாவிக்குத் தனிக் கடவுத்தொடர் வைக்கிறோம். இன்னொரு பொறுப்பாளருக்கும் சொந்தச் சாவி கொடுக்கிறோம். தொலைந்த சாவிக்குரிய ஒரே ஒரு வரியை சர்வரிலிருந்து நீக்கினால் போதும். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியும் அப்படித்தான் முடியும். எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டில் அது நடக்காது. சர்வர் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆளுக்கொரு சாவி இருந்தால்தான், உள்ளே வந்தது யாருடைய சாவி என்று அந்தப் பதிவு சொல்லும்.